பழைய ஹாம் ரேடியோவை எடைக்குப் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரை திருநகரில் அண்மையில் காலமான ஹாம் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்) நண்பர் ஒருவரின் வீட்டில், 1970களில் ஜப்பானிலிருந்து வந்த யேசூ எஃப்டி-101 என்னும் ரேடியோப் பெட்டியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட இருந்தார்கள். டிரான்சிஸ்டருக்கு முந்திய கண்ணாடிக் குழாயான வால்வு கிடைக்காது, இனி இது ஓடாது என்று பழுதுபார்க்க வந்தவர் சொல்லிவிட்டாராம். நல்ல நிலையில் உள்ள பெட்டிகள் இந்த ஒரே காரணத்துக்காகக் கழிவாவது மனத்தை வருத்துவதால் இதை எழுதுகிறேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பெட்டியில் சைகையைப் பெருக்கி ஆன்டெனாவுக்கு அனுப்பும் கடைசிக் கட்டத்தில் இருக்கும் 6ஜேஎஸ்6சி வால்வுகள் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்காகச் செய்யப்பட்டவை. தொலைக்காட்சிகள் டிரான்சிஸ்டருக்கு மாறியதும் அவற்றின் தயாரிப்பும் நின்றுபோனது. இன்று டவுன் ஹால் ரோட்டுக் கடைகளில் கேட்டால் கையை விரிப்பார்கள். ஆனால் ஒலிபரப்புக்கென்றே வடிவமைக்கப்பட்ட 6146பி வால்வு ஹாம்களிடையே இன்னும் கைமாறுகிறது. அதன் இழைக்கும் அதே 6.3 வோல்ட்தான் வேண்டும். பெட்டியின் 600 வோல்ட் மின்சாரத்தையும் அது தாங்கும்.

சிக்கல் அடிப்பாகத்தில்தான். பழைய வால்வுக்கு 12 முள், இதற்கு 8. என்னிடம் உள்ள இதே வகைப் பெட்டியில் அடித்தளத்தை அறுக்கவோ புதிதாகத் துளையிடவோ செய்யாமல், சிறிய அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி, அதில் எட்டு முள் சாக்கெட்டைப் பொருத்தி, பழைய சாக்கெட்டின் திருகுத் துளைகளிலேயே முடுக்கினேன். நாளை ஒருவருக்குப் பழைய வால்வு கிடைத்தால் தகட்டைக் கழற்றிவிட்டு மீண்டும் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். புதிய பாகத்துக்காகப் பெட்டியை வெட்டுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

முள்ளுக்கு முள் கம்பி மாற்றிவிட்டதோடு வேலை முடிந்ததாக நினைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. முதல் முறை நானும் அதைத்தான் செய்தேன். வால்வுக்குள் சைகையை வாங்கும் கிரிட்டுக்கும், மின்னோட்டம் வந்து சேரும் பிளேட்டுக்கும் இடையிலான மின்தேக்குத் திறன் 6146பி வால்வில் கால் பிக்கோஃபாரடுக்கும் குறைவு. பழைய வால்வுக்கென வைத்திருந்த நியூட்ரலைசிங் (வெளியீடு உள்ளீட்டுக்குத் திரும்பி வால்வு தானாக அலையாமல் தடுக்கும் அமைப்பு) அதற்குப் பொருந்தவில்லை. ஒலிபரப்பு விசையை அழுத்திய சில நொடிகளில் பிளேட் செக்கச்செவேலென்று பழுத்தது. உடனே நிறுத்தியதால் வால்வு தப்பியது. பிறகு கிரிட்டுக்கு நிலையாகக் கொடுக்கும் பயாஸ் மின்னழுத்தத்தைப் புதிதாக அமைத்து, நியூட்ரலைசிங்கையும் பொறுமையாகச் சரிசெய்த பின்னரே பெட்டி அடங்கியது.

உலர்ந்துபோன மின்தேக்கிகளை மாற்றுவது இதைவிட எளிது. இன்று கிடைப்பவை உருவத்தில் சிறியவை. மைக்ரோஃபாரடும் வோல்ட் அளவும் குறையாமல் பார்த்து வாங்கி, ஆடாதபடி இறுக்கிக் கட்டினால் போதும். ஆனால் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் இவற்றில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னூட்டம் நிற்கக்கூடும். அதை முழுமையாக இறக்கி, மீட்டரில் பார்த்து உறுதிசெய்யாமல் உள்ளே கை வைக்கக் கூடாது.

மதுரை வட்டாரப் பாலிடெக்னிக், ஐடிஐ ஆசிரியர்கள் இத்தகைய பெட்டி ஒன்றை மாணவர்கள் முன் திறந்து காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இறந்தவரின் பெட்டியை என்ன செய்வதென்று தெரியாத குடும்பத்தினர், அது ஒலிபரப்பும் கருவி என்பதால், உரிமம் பெற்ற ஹாம் ஒருவரிடமே ஒப்படைக்க வேண்டும். பாகம் மாற்றுகிறவர்கள், எதை எடுத்து எதை வைத்தோம், பயாஸ் எத்தனை வோல்ட் என்பதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, மூடியின் உட்புறம் ஒட்டிவைக்க வேண்டும். திருநகர்ப் பெட்டி இப்போது என் மேசையில் இருக்கிறது. அதன் மூடிக்குள் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் எனக்கு இரண்டு வார வேலை மிச்சமாகியிருக்கும்.

இப்படிக்கு,
ஹாம் வாசகர் ஒருவர்,
திருப்பரங்குன்றம், மதுரை.