பரெய்ராவைத் திட்டாதே மாப்ள

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முழங்கால் வலியில் படி இறங்காமல் கிடந்தேன். பேத்தி பள்ளிக்கூடம் போகும்போது போனில் பழைய மேட்ச் ஏதாவது போட்டுக் கொடுத்துவிட்டுப் போவாள், அப்படித்தான் 1994 கால்பந்து உலகக் கோப்பை ஃபைனலை மறுபடி முழுசாகப் பார்த்தேன்.

அதில் ஜெயித்த பிரேசிலின் கோச் கார்லோஸ் ஆல்பர்ட்டோ பரெய்ரா, காசு கொடுக்கிற நாட்டுக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் என்று எழுதியிருக்கிறாய். போனவர்தான். குவைத், எமிரேட்ஸ், பிரேசில், சவூதி, மறுபடி பிரேசில், தென்னாப்பிரிக்கா என்று ஐந்து நாடுகளுக்கு ஆறு உலகக் கோப்பைகளில் கோச். ஆனால் 1982இல் குவைத்தோடு போனபோது என்ன கிடைத்தது என்று யோசி. பிரான்ஸ் கோல் போட்டதும் கேலரியிலிருந்து குவைத் கால்பந்துச் சங்கத் தலைவரான ஷேக் மைதானத்துக்கே இறங்கி வந்து அதை ரத்து செய்ய வைத்தார், இவர் பாவம் பெஞ்சில். கடைசியில் 4-1 தோல்வி. 1998இல் சவூதிக்காரர்கள் இரண்டு மேட்ச் தோற்றதுமே உலகக் கோப்பை நடுவிலேயே அனுப்பிவிட்டார்கள், அதற்கு நான்கு வருஷம் முன்புதான் கோப்பை ஜெயித்த மனிதர்!

94 பிரேசில் ஆட்டம் அறுவை என்று நீ அன்றைக்கும் சொன்னாய். 24 வருஷமாகக் கோப்பை இல்லாத பிரேசில், தகுதிச் சுற்றில் பொலிவியாவிடமே தோற்ற பிரேசில். துங்காவையும் மௌரோ சில்வாவையும் டிஃபென்ஸுக்கு முன்னால் காவலுக்கு நிறுத்திவிட்டு, மற்றதை ரொமாரியோவும் பெபெத்தோவும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார். ஏழு மேட்சில் வாங்கியது மூன்றே கோல். கேப்டன் ராயையே பாதியில் உட்கார வைக்கவும் தயங்கவில்லை. அழகாக ஆடி வெளியேறிய 1982 பிரேசில் அணியைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள், சரி, கொண்டாடட்டும்.

2006க்கு மட்டும் நீ திட்டலாம். ரொனால்டினோ, காகா, ரொனால்டோ, அட்ரியானோ எல்லோரையும் வைத்துக்கொண்டு ஒரு அணியை உருவாக்க முடியவில்லை. பிரான்ஸோடு காலிறுதியில் ஜிடான் ஃப்ரீகிக் அடிக்கிறார், ஆன்ரியை ஒருத்தன் கவனிக்கவில்லை, கதை முடிந்தது.

ஆனால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது எதனால் தெரியுமா? 1984இல் அவர் ஃப்ளூமினென்ஸே என்ற பிரேசில் க்ளப்புக்குத் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அதே க்ளப் சரிந்து சரிந்து மூன்றாம் டிவிஷனுக்கு விழுந்துவிட்டது. உலகக் கோப்பை ஜெயித்தவர் 1999இல் அங்கே போய் உட்கார்ந்தார். யாருக்கும் பேர் தெரியாத ஊர் டீம்களோடெல்லாம் ஆடி அந்த டிவிஷன் பட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார். பெட்டி தூக்கும் ஆள் செய்கிற வேலையா இது?

அப்புறம், அந்த 94 ஃபைனலில் இத்தாலியின் பாஜ்ஜோ பெனால்டியை ஆகாயத்துக்கு அனுப்பியபோது நீ கத்திய கத்தலில் உங்கப்பா திருடன் என்று தடியோடு வந்தாரே, நேற்று பேத்தியிடம் சொன்னேன், நம்பமாட்டேன் என்கிறாள். கோயில் கொடைக்கு வரும்போது நீயே சொல்லு. எந்த ரயில் என்று முன்கூட்டியே எழுது, முழங்கால் விட்டால் ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

உன் பங்காளி