சூரியன் இல்லாத மூன்று நாட்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'வேதாகமத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்வதுதான் ஆதித் திருச்சபையின் வழி. உள்ளர்த்தம் தேடுவது விஞ்ஞானத்துக்குப் பயந்து இக்காலத்தார் செய்யும் சமாளிப்பு' என்று சென்ற ஞாயிறு ஒரு வாசகர் எழுதியிருந்தார். இருபத்தாறு வருடம் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் சொன்னவள் நான். இதைப் படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை.

கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்ததைச் சொல்லும் ஆதியாகமத்தை, அதாவது வேதாகமத்தின் முதல் நூலை, ஒருநாள் நடத்தும்போது என் வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள்: "டீச்சர், சூரியன் நாலாம் நாள்தானே உண்டாச்சு? அப்போ முதல் மூணு நாள் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்துச்சு?" வேதத்தில் சந்தேகம் கேட்கக் கூடாது என்று சொல்லி அவளை உட்கார வைத்தேன். அதற்கப்புறம் அவள் எதுவுமே கேட்கவில்லை. இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது.

ஏனென்றால், அதே கேள்வியை 3ஆம் நூற்றாண்டிலேயே எகிப்தின் அலெக்சந்திரியாவைச் சேர்ந்த திருச்சபை அறிஞர் ஓரிகன் கேட்டிருக்கிறார். சூரியனும் சந்திரனும் இல்லாமல் மூன்று நாள் இருந்தது என்று புத்தியுள்ள எவன் நினைப்பான் என்பது அவர் வாதம். அவரா பயந்தவர்? ரோமப் பேரரசன் டீசியஸ் காலத்து உபத்திரவத்தில் சிறையில் சித்திரவதைப்பட்டும் விசுவாசத்தை விடாதவர் அவர். அவருக்குப் பின் வந்த ஆயர் அகஸ்டினும் ஆதியாகமத்துக்கு 'நேர்ப்பொருள்' விளக்கம் என்றே பெயரிட்டு ஒரு பெரிய நூல் எழுதினார். அதிலேயே, கடவுள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் படைத்தார், அந்த ஆறு நாட்கள் நம்முடைய நாட்களைப் போன்றவை அல்ல என்கிறார்.

உள்ளர்த்தம் எல்லை மீறிப் போனதும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கள்ளர் அடித்துப் போட்ட வழிப்போக்கனை ஒரு சமாரியன் சத்திரத்தில் சேர்த்து, சத்திரக்காரரிடம் இரண்டு பணம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்ன கதைதான் நல்ல சமாரியன் உவமை. அதில் அடிபட்டவன் ஆதாம், கள்ளர் பிசாசின் கூட்டம், சத்திரம் திருச்சபை என்று பிரித்தார்கள். ஓரிகன் சொன்னபடி அந்த இரண்டு பணம் பிதாவும் குமாரனும். அகஸ்டினுக்கோ சத்திரக்காரர் அப்போஸ்தலர் பவுல். படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 'எனக்குப் பிறன் யார்' என்ற கேள்விக்கு இயேசு சொன்ன கதை அது. எரிகோ சாலையில் ரத்தம் வழியக் கிடந்த மனிதனை ஆதாமாக்கிவிட்டால், நம் தெருவில் கிடப்பவனை யார் தூக்குவது? 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் இந்த விளக்கத்தை மறுக்கக்கூடத் தகுதியில்லாதது என்று ஒதுக்கியது சரிதான்.

கடிதம் எழுதிய அன்பர் தம் வீட்டு வேதாகமத்தில் கலாத்தியர் 4:24ஐ எடுத்துப் பார்க்கட்டும். ஆபிரகாமின் மனைவி சாராள், அடிமைப்பெண் ஆகார் கதையைப் பற்றிப் பவுல், 'இவைகள் ஞானார்த்தமுள்ளவைகள்', அதாவது உள்ளர்த்தம் உள்ளவை என்கிறார். அந்தியோகியாவில் வளர்ந்த, நேர்ப்பொருளை வலியுறுத்திய ஆயர் தியோடர் இதே வசனத்தைக் காட்டித்தான், அந்தப் பெண்கள் வாழவே இல்லை என்று பவுல் சொல்லவில்லையே என்று ஓரிகன் வழி வந்தவர்களோடு வாதாடினார். அது நடந்து ஆயிரத்து அறுநூறு வருடம் ஆகிறது. இது இக்காலத்தார் கிளப்பிய வாதம் அல்ல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை.