பனிமூட்டத்தை நம்பாதே

பண்டாரவளை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நுவரெலியாக் குளிர் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது என்று வாசித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். காலையில் நல்ல வெயில், பின்னேரமானால் இடியும் மழையும்.

பல்புச் சூட்டில் குஞ்சு பொரிக்கும் உன் பெட்டியில் 24 முட்டை வைத்ததில் 5 குஞ்சு, 8 கூமுட்டை, மிச்சம் 11இல் குஞ்சு முழுசாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தது என்று எழுதியிருக்கிறாய். பொரிக்காததைக் குழியில் போட்டு மூடாமல் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தாயே, அதுதான் நல்ல வேலை. "சவ்வு காய்ந்து தோல் மாதிரி குஞ்சோடு ஒட்டியிருந்தது" என்ற உன் ஒரு வரியே போதும். உன் பெட்டிக்குள் ஈரம் போதவில்லை. ஈரம் கூடிப்போயிருந்தால் குஞ்சு ஊதி, உடம்பெல்லாம் பிசுபிசுப்பாக, ஓட்டுக்குள் தண்ணியோடு கிடந்திருக்கும்.

சுற்றிவரப் பனிமூட்டம், துவைத்த துணி மூன்று நாளாகியும் காயவில்லை, இந்த ஊரில் எப்படி ஈரம் குறையும் என்று கேட்கிறாய். நியாயமான கேள்விதான். ஆனால் குளிர்ந்த காற்றுக்குப் பிடித்துவைக்கக்கூடிய நீராவி கொஞ்சம்தான். உன் அறைக் காற்று 18 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்று வை. கைக்கு அது சில்லென்று ஈரமாகத்தான் படும். அதே காற்று துளை வழியே பெட்டிக்குள் போய் 37.5 பாகைக்குச் சூடானதும் ஈரப்பதன் 25 வீதமளவுக்கு விழுந்துவிடும். நீராவியின் அளவு மாறவில்லை, காற்றின் தாகம்தான் கூடிவிட்டது. கொழும்பில் 28 பாகை, 80 வீதக் காற்றை இதேபோலச் சூடாக்கினால் 47 வீதத்தில் நிற்கும். தண்ணியே வைக்காமல் பொரிக்கலாம் என்று கீழ்நாட்டுக்காரர் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. உனக்கு அது ஆகாது.

இதோடு உயரத்தையும் சேர்த்துக்கொள். நுவரெலியா 1,870 மீற்றர் அளவில் இருக்கிறது. அங்கே காற்றமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான். காற்று ஐதாக இருப்பதால் ஓட்டின் நுண்துளைகள் வழியே நீராவி கால்வாசி கூடுதல் வேகத்தில் வெளியேறும். மலையிலேயே வளரும் கோழி இடும் முட்டையின் ஓடு நாளடைவில் அதற்கேற்ப மாறி, நீராவியைக் குறைவாக விடும். பதுளையில் இருந்து பஸ்ஸில் கொண்டுபோன முட்டைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே புத்தகத்தில் முதல் 18 நாளைக்கு 50 வீதம் என்று போட்டிருந்தால் நீ 55 முதல் 60 வரை வைத்துக்கொள். அடுத்த தடவை உன் பக்கத்து வீடுகளில் இட்ட முட்டையாகவே தேடிப் பார்.

ஈரத்தைக் கூட்டத் தண்ணியின் ஆழம் உதவாது, பரப்புத்தான் உதவும். ஜாம் போத்தலில் வைத்த தண்ணி வீண். அகலமான தட்டில் ஒரு விரற்கடை தண்ணி ஊற்றி வை. அதுவும் போதாவிட்டால் தட்டில் ஒரு ஸ்பொஞ்சை நிறுத்து. நிரப்பும்போது இளஞ்சூட்டுத் தண்ணியாக ஊற்று, குளிர்தண்ணி பெட்டியின் சூட்டை இழுத்துவிடும்.

ஈரப்பதனைக் காட்டும் ஈரமானியை அப்படியே நம்பாதே. மலிவானவை 10 வீதம் வரை பிழையாகக் காட்டுவதுண்டு. ஒரு போத்தல் மூடியில் கறியுப்பைப் போட்டு, கரையாமல் களிபோல ஆகும் அளவுக்குச் சொட்டுத் தண்ணி விடு. ஈரமானியையும் அதையும் காற்றுப் புகாத பையில் வைத்து ஒரு இரவு விட்டால் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் உன் கருவி 7 குறைத்துச் சொல்கிறது என்று பெட்டியில் எழுதி ஒட்டு.

ஆனாலும் நான் கடைசியில் நம்புவது ஈரமானியை அல்ல, தராசைத்தான். 18ஆம் நாளுக்குள் முட்டை தன் நிறையில் ஏறத்தாழ 12 வீதத்தை இழக்க வேண்டும். 55 கிராம் முட்டை 48 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக வந்து நிற்க வேண்டும். குசினியில் பாவிக்கும் 1 கிராம் எலக்ட்ரோனிக் தராசு போதும். வைக்கும் நாளில் ஒவ்வொரு முட்டையையும் நிறுத்து, நிறையைப் பென்சிலால் ஓட்டிலேயே எழுது. பேனை வேண்டாம். தனி முட்டையில் ஒரு நாள் குறைவு அரைக் கிராம்கூட இல்லை, அதனால் மொத்தமாக நிறுத்துப் பார். 24 முட்டை 1,320 கிராம் என்றால் 6ஆம் நாள் 53 கிராமும், 12ஆம் நாள் 106 கிராமும், 18ஆம் நாள் 158 கிராமும் குறைந்திருக்க வேண்டும். 6ஆம் நாளே 75 குறைந்திருந்தால் தண்ணிப் பரப்பைக் கூட்டு. 35தான் குறைந்திருந்தால் தட்டைச் சின்னதாக்கு. இடையில் கூமுட்டையை எடுத்துவிட்டால் அதன் ஆரம்ப நிறையையும் கணக்கில் இருந்து கழிக்க மறக்காதே, அதற்காகத்தான் ஓட்டில் எழுதச் சொன்னேன். ஈரமானி பெட்டியின் காற்றைச் சொல்லும். முட்டைக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தராசுதான் சொல்லும். உன் 11 குஞ்சும் 12ஆம் நாளே உனக்குச் சேதி சொல்லியிருக்கும்.

குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளில் துணி அடைத்ததாக எழுதியிருந்தாய். அதை இன்றைக்கே எடுத்துவிடு. ஓட்டுக்குள் இருப்பது மூச்சுவிடும் உயிர். கடைசி நாட்களில் அதற்கு ஒட்சிசன் நிறைய வேண்டும், உன் உயரத்திலோ அது ஏற்கெனவே குறைவு. குளிரைத் தடுக்க ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) சுவரைத் தடிப்பாக்கு, பெட்டியைக் காற்றடிக்கும் இஸ்தோப்பில் வைக்காமல் உள்ளறையில் வை, பல்பைக் கூட்டு, ஆனால் துளையை மூடாதே. 18ஆம் நாளுக்குப் பிறகு எல்லாத் துளையும் திறந்தே இருக்கட்டும்.

பல்புகளை 40 வற்றில் இரண்டாகப் போடு. ஒன்று எரிந்துபோனாலும் மற்றது விடியும்வரை தாங்கும். சூடு தருவது பழைய இழைப் பல்பு, எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. பல்பைச் சுற்றிப் பால்மா டின் ஒன்றைத் துளைபோட்டு மாட்டிவிடு. இல்லாவிட்டால் பக்கத்து முட்டைகள் வெந்துபோகும், ரெஜிபோமும் உருகித் தீப்பிடிக்கும்.

நீ வாங்கிய டபிள்யூ1209 வெப்பக் கட்டுப்படுத்தி நல்லதுதான், ஆனால் வரும்போதே பி1 என்ற அமைப்பு 2 பாகையில் இருக்கும். பல்பு 37.6இல் அணைந்தால் 35.6க்கு இறங்கிய பிறகுதான் திரும்ப ஏற்றும். அதை 0.2க்குக் கொண்டுவா. காற்றாடி உள்ள பெட்டிக்கு 37.5 முதல் 37.8 வரை. காற்றாடி இல்லாவிட்டால் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5 வேண்டும். கட்டுப்படுத்தியின் வெப்ப உணரியைச் சரிபார்க்கக் கொதிநீரில் வைக்காதே, நுவரெலியாவில் தண்ணி 94 பாகையிலேயே கொதித்துவிடும். பிளாஸ்கில் 38 பாகையளவில் தண்ணி ஊற்றி, காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியையும் உணரியையும் ஒன்றாக விட்டு, வித்தியாசத்தைப் பிழை திருத்தும் அமைப்பான பி4இல் போடு. சூடு கூடினால் குஞ்சுகள் 19, 20ஆம் நாளே தொப்புள் மூடாமல் வரும். குறைந்தால் 22, 23 வரை இழுபடும். இரண்டில் கூடுவதுதான் மோசம். 40.5இல் சில மணித்தியாலம் இருந்தால் கரு பிழைப்பது கஷ்டம், கொஞ்ச நேரக் குளிரையோ அது தாங்கும். அடைக்கோழியே தீனிக்காகத் தினமும் கால் மணி, இருபது நிமிடம் எழும்பிப் போகிறதே.

அடை வைக்கும்போது இடிக்கு இரும்புத் துண்டும் கரியும் போடுவார்களே, நினைவிருக்கிறதா? நம் பெட்டிக்கு இடியால் வரும் நட்டம் கரண்ட் போவதுதான். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலம் போய்விட்டது. ஆனாலும் தென்மேல் பருவக்காற்றில் மரம் விழுந்து கம்பி அறுவது உங்கள் பக்கம் புதிதல்ல. கரண்ட் போனால் மூடியைத் திறக்காதே, பெட்டியைக் கம்பளியால் போர்த்து, துளைகளை மட்டும் விட்டுவிடு. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனால் 45 பாகையளவுத் தண்ணி நிரப்பிய போத்தல்கள் இரண்டை முட்டையில் படாமல் உள்ளே வை. காற்றாடியும் கட்டுப்படுத்தியும் 12 வோல்ட்டில் ஓடுவதால், கார் பற்றரி ஒன்றும் 21 வற் பிரேக் பல்ப் இரண்டும் இருந்தால் ஐந்தாறு மணித்தியாலம் சமாளிக்கலாம்.

முட்டை புரட்டுவது ஒரு நாளைக்கு ஐந்து தடவை. ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். புரட்டாவிட்டால் மேலே மிதக்கும் கரு சவ்வோடு ஒட்டிவிடும். முதல் வாரத்தில் இது கட்டாயம், 18ஆம் நாளோடு நிறுத்து. 7ஆம், 14ஆம் நாட்களில் இருட்டில் டோர்ச் பிடித்துப் பார். சிலந்தி வலைபோல நரம்போடினால் உயிர், இரத்த வளையம் மட்டும் தெரிந்தால் தொடக்கத்திலேயே செத்தது, ஒன்றுமே தெரியாவிட்டால் கரு கூடவில்லை. உன் 8 கூமுட்டைக்கு அதுதான் காரணமாக இருக்கலாம். ஒரு சேவலுக்கு 10 பெட்டைக்கு மேல் வேண்டாம் என்று முட்டை தந்தவரிடம் சொல்.

வைக்க முதல் முட்டைகளைக் கழுவாதே, மேற்பூச்சு போய்விடும். பஸ்ஸில் குலுங்கி வந்தவை கூர்முனை கீழாக ஒரு நாள் ஆறட்டும். சேர்த்துவைக்க உன் ஊர் அறைக் குளிரே ஏற்றது. 15 முதல் 18 பாகைக்குக் கீழ்நாட்டில் எவ்வளவோ பாடுபட வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் மட்டும் வைத்திருக்காதே. வைக்கும் நாளில் நேராகப் பெட்டிக்குள் போடாமல், அடுப்படிப் பக்கம் ஆறேழு மணித்தியாலம் வைத்துக் குளிரைப் போக்கு. இல்லாவிட்டால் முட்டை வியர்த்து, அந்த ஈரத்தோடு கிருமி உள்ளே இழுபடும்.

18ஆம் நாளில் இருந்து ஈரப்பதன் 70. ஸ்பொஞ்சோடு நனைத்த துணியும் வை. பிறகு மூடியைத் திறக்கவே வேண்டாம். ஒரு குஞ்சு ஓட்டை குத்திவிட்டு 12 முதல் 24 மணித்தியாலம் சும்மா கிடக்கும், சத்தமும் போடும். மனசு கேட்காது, ஆனால் கை வைக்காதே. அந்த நேரத்தில்தான் சவ்வின் இரத்தக் குழாய்கள் வற்றி, மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபடுகிறது. நீ உரித்தால் இரத்தம் வடியும். திறந்த மூடியால் ஈரம் போய் மற்ற முட்டைகளின் சவ்வும் இறுகும். பொரித்த குஞ்சுக்கு இரண்டு நாளைக்கு அந்த மஞ்சள் கருவே சாப்பாடு, உலரும்வரை உள்ளேயே இருக்கட்டும்.

வெளியே எடுத்ததும் முதல் வாரம் 35 பாகை, பிறகு வாரம் 3 பாகை குறை. உன் ஊர் இரவுகளுக்கு ஆறு வாரம் வரை பல்ப் வேண்டும். தரைக்கு வழுக்கும் பேப்பர் போடாதே, கால் விரிந்துவிடும், மரத்தூள் போடு. ராணிக்கெட் என்ற கோழி நோய்க்கான தடுப்பூசிக்கு மிருக வைத்தியரிடம் முன்பே கேட்டு வை.

காட்டுக்கோழி முட்டை கிடைத்தால் வைக்கலாமா என்ற கேள்விக்கு, வேண்டாம் மச்சான். இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் இல்லாத பறவை அது, நம் தேசியப் பறவை. கண்ட இடத்திலேயே விட்டுவிட்டு வா.

அடுத்த முறை வைக்கும் திகதியையும் மொத்த நிறையையும் எழுது. 6ஆம் நாள் நிறுத்ததும் அந்த இலக்கத்தையும் அனுப்பு, தண்ணித் தட்டைக் கூட்டுவதா குறைப்பதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்