கம்பி வேறு, ஃபைபர் பம்பர் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

காரின் முன்னால் கூடுதலாகக் கம்பி பம்பர் (இரும்புக் கம்பித் தடுப்பு) மாட்டினால் அபராதம் என்று வந்த செய்தியைப் படித்தேன். அபராதம் சரிதான். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அந்த இரும்புக் கம்பிகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஆனால் அதே செய்தியில் ஃபைபர் (கண்ணாடி இழை) பம்பர் செய்கிறவர்களையும் சேர்த்துத் திட்டியிருப்பது எனக்கு ஒப்பவில்லை.

அம்பாசடர் காலத்தில் பம்பர் என்பது தனியாக நிற்கும் குரோம் பட்டை, போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். இன்றைக்கு அதுதான் காரின் முகம். பானெட்டின் மடிப்பு ஹெட்லைட் ஓரமாக இறங்கி ஃபெண்டரை, அதாவது முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டை, தொடும் இடத்தில் பம்பர் அதைத் தொடர வேண்டும், இல்லையென்றால் யாரோ ஒருவர் மூக்கை இன்னொருவர் முகத்தில் ஒட்டியது போல இருக்கும். என் பழைய மாருதி எஸ்டீம் காருக்கு முதலில் ரெடிமேட் ஒன்று வாங்கி மாட்டி இந்த லட்சணத்தைத்தான் பார்த்தேன்.

அப்புறம் நான் தேடிப் போன பட்டறைக்காரர் எடுத்தவுடன் ஃபைபரைத் தொடவே இல்லை. வண்டியில் மாஸ்கிங் டேப் ஒட்டி, சக்கர வளைவிலிருந்து பானெட் வரை கோடு இழுத்து, பத்தடி தள்ளி நின்று பார்த்து, உரித்துவிட்டு மறுபடி ஒட்டினார். அளந்தபோதுதான் தெரிந்தது, எப்போதோ டிங்கரிங் செய்த இடது ஃபெண்டர் வலதைவிட அரை விரல் உள்ளே இருக்கிறது! ஒரு பக்கத்துக்கு அளவெடுத்த அட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் வெட்ட முடியாது, இரண்டையும் தனித்தனியாகத்தான் பட்டி வைத்து இழைத்தார். அதன் மேல்தான் மோல்டு (அச்சு), அப்புறம் கண்ணாடி இழை மேட்டும் அதை இறுக்கும் ரெசினும். உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தில் கை வைக்கவில்லை. கீழே காற்று நுழையும் வாயைச் சின்னதாக்கச் சொன்னேன், ஏசி போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் போனால் ரேடியேட்டர் என்ன ஆகும் என்று கேட்டு மறுத்துவிட்டார்.

குறை இல்லாமல் இல்லை. கம்பெனி பிளாஸ்டிக் போல ஃபைபர் வளைந்து கொடுக்காது, கேட்டில் இடித்தால் விரிசல்தான். விளக்கின் இடத்தையோ வண்டியின் நீளத்தையோ மாற்றினால் அதையும் பிடிக்கட்டும், நான் தடுக்கவில்லை. போன மாதம் வாகனச் சோதனையில் நிறுத்திய காவலர் விரலால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார், இரும்பில்லை என்று தெரிந்ததும் போகச் சொன்னார். உங்கள் நிருபரும் எழுதுவதற்கு முன் அப்படி ஒருமுறை தட்டிப் பார்த்திருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை