பாடியவர் பெயர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வெளியாகும் அமெரிக்கானா, ஃபோக், ரூட்ஸ் எனப்படும், நாட்டுப்புற மரபில் வேரூன்றிய இசை வகை ஆல்பங்களுக்கும் தங்கள் நாளிதழின் இசைப் பக்கத்தில் இடம் கிடைத்துவருவது என்னைப் போன்ற வாசகர்களுக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் அந்த அறிமுகங்கள் பாடகரின் பெயர், ஆல்பத்தின் பெயர், நட்சத்திர மதிப்பீடு, குரலின் இனிமையைப் பற்றி ஓரிரு வரிகள் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. ஒரு பாட்டு யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதே பாதி விஷயமாக உள்ள இந்த இசைக்கு அந்த அளவு போதவில்லை என்பதை எடுத்துச்சொல்லவே இதை எழுதுகிறேன்.

கறுப்பின இசைக்கலைஞர்களான ரியானன் கிடன்ஸும் ஜஸ்டின் ராபின்சனும் சேர்ந்து 2025 ஏப்ரலில் வெளியிட்ட 'வாட் டிட் த பிளாக்பேர்ட் சே டு த க்ரோ' ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பாஞ்சோ (தோல் போர்த்திய தந்தி வாத்தியம்), ஒரு ஃபிடில் (நாட்டுப்புற இசையில் வயலினுக்கு வழங்கும் பெயர்), அங்கங்கே குரல், பெரும்பாலும் அவ்வளவுதான். விவரம் அறியாமல் கேட்பவருக்குப் பின்னணியில் இடைவிடாமல் ஒலிக்கும் சிள்வண்டுகளின் இரைச்சல் ஒலிப்பதிவின் குறையாகவே தோன்றும். உண்மையில் இருவரும் ஸ்டூடியோவைத் தவிர்த்து, வட கரோலினாவில் திறந்தவெளியில் அமர்ந்து வாசித்திருக்கிறார்கள். அப்படி அவர்கள் வாசித்த இடங்களில் ஒன்று, மறைந்த ஃபிடில் கலைஞர் ஜோ தாம்சனின் வீடு. கறுப்பின ஃபிடில் மரபின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்த தாம்சனிடம் 2005 முதல் நேரில் சென்று கற்றவர்கள் இவர்கள். அந்தப் பயிற்சியிலிருந்துதான் கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழுவே உருவானது. தாம்சன் 2012இல் காலமானார். குருவின் வீட்டு வாசலுக்கே திரும்பிச்சென்று அவர் கொடுத்த மெட்டுகளை வாசிக்கிறார்கள் என்று தெரிந்தபின் கேட்டால், சிள்வண்டின் ஒலியையும் அந்த ஆல்பத்தின் ஒரு பகுதியாகவே காது ஏற்றுக்கொள்கிறது. இதைச் சொல்ல மூன்று வரிகள் போதும்.

சில வாரங்களுக்கு முன் வந்த ஒரு குறிப்பில் இந்த இசை முழுவதும் வெள்ளையின விவசாயக் குடும்பங்களின் சொத்து என்ற தொனி இருந்தது. பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைவழியே அமெரிக்க மண்ணில் பிறந்த வாத்தியம். 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பினத்தவரின் பதிவுகளுக்கு ஒரு பட்டியலும் வெள்ளையினக் கிராமத்தாரின் பதிவுகளுக்கு வேறொரு பட்டியலும் போட்டு விற்றன. முதல் பட்டியலில் பெரும்பாலும் ப்ளூஸ் (கறுப்பினத்தவரிடையே பிறந்த பாட்டு வகை) போன்றவற்றுக்கே இடம்; ஃபிடில் வாசித்த கறுப்பினக் கலைஞர்கள் இரண்டிலும் பொருந்தாததால் பெரும்பாலும் பதிவு செய்யப்படாமலே போனார்கள். பிறகு, பதிவு இல்லை என்பதையே சாட்சியாக வைத்து அந்த மரபே இருந்ததில்லை என்று நம்பும் நிலை வந்தது. 1927இல் அமெரிக்காவின் பிரிஸ்டல் நகரில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் முதன்முதலாகப் பதிவு செய்த கார்ட்டர் குடும்பம் என்ற பாடகர் குழுவைப் பற்றி எழுதாதவர் இல்லை. அந்தக் குடும்பத்தின் ஏ. பி. கார்ட்டர் பாட்டுத் தேடி ஊர் ஊராகப் போனபோது உடன் சென்று, அவர் சொற்களை எழுதிக்கொள்ள, மெட்டுகளை நினைவில் வாங்கிவந்த கறுப்பினக் கிதார் கலைஞர் லெஸ்லி ரிடிலை எத்தனை பேர் அறிவார்கள்? பெயரை விட்டுவிடுவதால் நேரும் அநீதி இந்த இசையில் புதிதல்ல. தங்கள் பக்கமும் அறியாமல் அதைத் தொடர வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

விவரக்குறிப்பின் பயனை இந்தத் துறையின் பழைய நிறுவனங்கள் நன்றாக உணர்ந்திருந்தன. மோசஸ் ஆஷ் 1948இல் தொடங்கிய ஃபோக்வேஸ் நிறுவனம் இசைத்தட்டோடு ஒரு சிறு புத்தகத்தையும் உறைக்குள் வைத்தே விற்றது. அந்த நிறுவனத்துக்காக 1952இல் பழைய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் ஹாரி ஸ்மித் தொகுத்த 84 பழைய பதிவுகளின் தொகுப்பில், ஒவ்வொரு பாட்டின் கதையையும் செய்தித்தாள் தலைப்புப் போலச் சுருக்கி, பதிவான காலத்தையும் சேர்த்து அவரே எழுதினார். அந்தத் தொகுப்பில் கேட்ட ஒரு குரல்தான் ப்ளூஸ் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட். 1928இல் பதிவு செய்தபின் இசையுலகம் மறந்துவிட்ட அவரை, ஏவலான் என்ற தம் ஊரின் பெயரை அவர் ஒரு பாட்டில் சொல்லியிருந்ததைத் துப்பாகக்கொண்டு 1963இல் அதே ஊரில் ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். ஸ்ட்ரீமிங் செயலிகளில் இன்று அந்தப் புத்தகம் இல்லை. அட்டைப்படமும் பாட்டின் நீளமும்தான் மிஞ்சியிருக்கின்றன. ஃபோக்வேஸை 1987இல் ஏற்றுக்கொண்ட ஸ்மித்சோனியன் நிறுவனம் மட்டும் அந்தக் குறிப்புகளைத் தன் இணையத்தளத்தில் எவரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. செயலி கைவிட்டதை நாளிதழ் எடுத்துச்செய்யலாம்.

எல்லா ஆல்பமும் பழைய பாட்டுகளால் ஆனதல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பாடகர்–பாடலாசிரியர் இணையரான கில்லியன் வெல்ச்சும் டேவிட் ராலிங்ஸும் 2024இல் வெளியிட்ட 'உட்லேண்ட்' முழுவதும் அவர்களே எழுதியது. ஆனாலும் அது நாஷ்வில்லில் அவர்களுக்குச் சொந்தமான ஸ்டூடியோவின் பெயர் என்பதும், 2020 மார்ச்சில் வீசிய சூறாவளியில் கூரை பெயர்ந்த அந்தக் கட்டடத்தை அவர்கள் சீரமைத்தெடுத்தார்கள் என்பதும் வாசகருக்குத் தெரிய வேண்டாமா? 'அமெரிக்கானா' என்ற சொல்லை மட்டும் சொல்லி நிறுத்துவதில் பயனில்லை. அது வானொலிக்கும் விருதுகளுக்கும் வசதியான ஒரு வணிக அடையாளம். கிராமி விருதில் அதற்கெனத் தனிப் பிரிவு வந்ததே 2010இல்தான்.

ஆகவே, இனி வரும் அறிமுகங்களில் பாட்டை எழுதியவர், வாத்தியம் வாசித்தவர்கள், எங்கே பதிவானது ஆகியவற்றைக் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 'மரபுப் பாடல்' என்று போட வேண்டிய இடத்தில், யார் பாடியதைக் கேட்டு இவர்கள் கற்றார்கள் என்பதையும் விசாரித்து எழுத வேண்டும். ஏனெனில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் சில சமயம் உயிரோடிருக்கும் ஒருவரே மறைந்துபோகிறார். கறுப்பினக் கிதார் கலைஞர் எலிசபெத் காட்டன் சிறுமியாக இருந்தபோது புனைந்த 'ஃப்ரைட் டிரெயின்' பாட்டு, 1950களில் இங்கிலாந்தில் வேறு இருவரின் பெயரில் பதிவாகி வெற்றியும் பெற்றது. உரிமை அவருக்குத் திரும்பியது போராட்டத்துக்குப் பிறகுதான். வீட்டுவேலை செய்து வாழ்ந்துவந்த அவருடைய முதல் ஆல்பம் 1958இல் வெளிவந்தபோது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார்.

இடம் போதாதென்றால், வாரந்தோறும் பல ஆல்பங்களைத் தொட்டுச்செல்வதைவிட ஒன்றை மட்டும் எடுத்து இந்த விவரங்களோடு எழுதினாலும் நிறைவாக இருக்கும். நட்சத்திர மதிப்பீட்டை நீக்கிவிட்டு அந்த இடத்தில் கலைஞர்களின் பெயர்களை அச்சிடலாம் என்பதையும் ஆசிரியர் குழு பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் இசைப் பக்கத்தின் வாசகர்