சிறுவர்களைச் சோதித்தால் மட்டும் போதுமா?

பசிபிக் தீவு நாடுகளின் சுகாதார அமைச்சர்களுக்கும் யானைக்கால் நோய் ஒழிப்புத் திட்ட அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

1999இல் 22 நாடுகளையும் ஆட்சிப்பகுதிகளையும் சேர்த்து நீங்கள் தொடங்கிய ஒழிப்புத் திட்டம் சாதித்தது கொஞ்சமில்லை. இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இனி இல்லை என்ற உலக சுகாதார நிறுவனத்தின் சான்றினைக் குக் தீவுகளும் நியுவேயும் வனுவாட்டுவும் 2016இல் பெற்றன. இலங்கை பெற்றதும் அதே ஆண்டில்தான். டோங்கா, மார்ஷல் தீவுகள், பலாவு, கிரிபாட்டி என்று அந்த வரிசை பின்னர் நீண்டது. நான் எழுத வந்தது, அந்த வரிசையில் சேரப்போவதாக நம்பி ஏமாந்த ஒரு தீவைப் பற்றி.

அமெரிக்க சமோவாவில் 2000 முதல் 2006 வரை ஆண்டுதோறும் ஊர் முழுவதற்கும் டி.இ.சி., அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மாத்திரைகள் வழங்கப்பட்டன. அதன்பின் ஆறேழு வயதுப் பள்ளிச் சிறுவர்களின் விரலில் குத்தி இரத்தம் எடுத்து, நோய்ப் பரவல் நின்றுவிட்டதா என்று பார்க்க நடத்திய மதிப்பீட்டில் அத்தீவு இருமுறை தேறியது. 2016இல் நடந்த மூன்றாம் மதிப்பீட்டில் தோற்றது. நோய் புதிதாக வந்து நுழைந்துவிடவில்லை. சிறுவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்கு, பெரியவர்களின் உடம்பில் தங்கியிருந்த, இந்நோயை உண்டாக்கும் புழு தென்படவில்லை, அவ்வளவே.

இதற்கு உங்கள் தீவுகளின் கொசுவும் ஒரு காரணம். எங்கள் தமிழ்நாட்டில் இந்நோயைப் பரப்பும் கியூலக்ஸ் கொசு இரவில் கடிப்பது. அதற்கேற்ப இங்கே புழுக்குஞ்சுகளும் இரவில்தான் தோலடி இரத்தத்துக்கு வரும். அதனால்தான் இங்கே சுகாதாரப் பணியாளர்கள் இருட்டிய பிறகு வீடுவீடாகச் சென்று இரத்தம் எடுத்தார்கள். சமோவாத் தீவுகளின் ஈடிஸ் பாலினேசியென்சிஸ் கொசுவோ, எலி கொறித்துப் போட்ட தேங்காயிலும் மரப்பொந்திலும் வீசியெறிந்த தகர டப்பாவிலும் தேங்கும் நீரில் பெருகி, பட்டப்பகலில், தோப்பில் வேலை செய்பவரைக் கடிக்கிறது. பாப்புவா நியூகினியில் அனாபிலிஸ் கொசுவுக்கு எதிராகப் பயன் தந்த கொசுவலை, பகலில் கடிக்கும் இந்தக் கொசுவிடம் பெரிதாக உதவாது. இரத்தத்தில் மிகச் சில புழுக்குஞ்சுகளே இருந்தாலும் அவற்றை எடுத்து வளர்த்துப் பிறருக்குக் கடத்தும் திறன் இக்கொசுவுக்கு உண்டு. ஆகவேதான், இரத்தத்தில் ஆன்டிஜென் (புழு இருப்பதைக் காட்டும் பொருள்) தென்படுவோர் இவ்வளவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கியூலக்ஸ் பகுதிகளில் 2 விழுக்காடாக வைத்த வரம்பை ஈடிஸ் பகுதிகளில் 1 விழுக்காடாகக் குறைத்தார்கள். அந்தக் குறைந்த வரம்பும் அமெரிக்க சமோவாவைக் காக்கவில்லை என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அண்டை நாடான சமோவாவின் கதை வேறு விதமானது. அந்த இரு மாத்திரைகளுடன் ஐவர்மெக்டின் என்ற மருந்தையும் சேர்த்த மும்மருந்தை 2018இல் பசிபிக்கிலேயே முதலாவதாக நாடு முழுவதும் வழங்கியது அந்நாடு. அடுத்த சுற்றை நடத்தும் முன் 2019இல் 83 உயிர்களைப் பலிகொண்ட தட்டம்மை வந்தது. அதன் பின்னாலேயே கோவிட் வந்தது. இரண்டாம் சுற்று 2023 வரை தள்ளிப்போனது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வளர்ந்த புழு மனித உடம்பில் ஐந்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியது. நம் இடர்ப்பாடுகளுக்காக அது காத்திருப்பதில்லை.

எனவே, பள்ளிச் சிறுவர்களுடன் பெரியவர்களையும், குறிப்பாகத் தோப்புக்கும் கடலுக்கும் போய்விடுவதால் மாத்திரை வழங்கும் நாளில் வீட்டில் அகப்படாத ஆண்களையும், சோதனையில் சேர்க்க வேண்டுகிறேன். சான்று பெற்ற தீவுகளிலும் இந்தக் கண்காணிப்பு தொடர வேண்டும். தீவுகளிடையே மக்கள் போய்வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஏற்கெனவே கால் வீங்கியவர்களுக்கு எந்த மாத்திரையும் பழைய காலைத் திருப்பித் தராது. தினமும் சோப்பும் நீரும் கொண்டு கழுவித் துடைத்து, விரலிடுக்குப் புண்ணை ஆற்றக் கற்றுக்கொடுக்கும் செவிலியர் ஒருவரும், விரைவீக்கத்துக்கு அறுவை செய்துகொள்ளத் தலைநகர் மருத்துவமனைக்குப் போய்வரும் படகுச் செலவுமே அவர்களுக்குத் தேவை. அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இவ்விரண்டுக்கும் தனியே தொகை ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு பொதுச் சுகாதார ஆர்வலர்