யூரியாவும் எடைக்கல்லும்

அன்புள்ள சேதுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நடவு முடிந்து, மேலுரத்துக்கு யூரியா கேட்டு சொசைட்டிக்கு அலைகிறாய் என்று தெரிந்தது. இங்கே எனக்கு முழங்கால் வலிதான் செய்தி. மற்றபடி சுகம்.

அப்புறம் அந்த ரைஸ்மில்காரர் விஷயம். படத்திறப்பில் அவர் பள்ளிக்கூடக் கட்டிடம் கட்டித் தந்ததையே எல்லோரும் பேசினார்களாம், எடையில் அடித்ததைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லையாம். கூட்டிக் கழித்தால் நல்லவர்தானே என்று கேட்டு, ‘குணம்நாடிக் குற்றமும் நாடி’ குறளையும் துணைக்கு இழுத்திருக்கிறாய். அது ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தில் வருவது, சேது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது பார்க்கிற கணக்கு. செத்தவருக்கு ஐந்தொகை போட அல்ல.

முப்பது வருடம் கெமிஸ்ட்ரி எடுத்தவன் நான். ஹேபர் முறை என்று போர்டில் எழுதி, நைட்ரஜன், ஹைட்ரஜன், இரும்பு வினையூக்கி, அம்மோனியா என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்த ஃபிரிட்ஸ் ஹேபர் யார் என்று எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை. யூரியாவை வாளியில் கரைக்கும்போது விரல் சில்லிட்டுப் போகுமே, அந்த யூரியாவுக்கு மூலமான அம்மோனியாவைக் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து செய்ய வழி கண்டவர். 1918-க்கான நோபல் அதற்குத்தான். அதே மனிதர் முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காக, 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தில் ஈப்ர நகருக்குப் பக்கத்தில், எதிரிப் படைமீது குளோரின் விஷவாயுவைத் திறந்துவிடும் வேலையை முன்நின்று நடத்தினார். மே 2-ஆம் தேதி அவர் மனைவி கிளாரா கணவரின் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். அவரும் கெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஹேபரோ உடனே கிழக்குப் போர்முனைக்குக் கிளம்பிவிட்டார்.

இதில் எதை எதில் கழிப்பாய்? அந்த அம்மோனியாவால் இன்று கோடிக்கணக்கான பேர் சாப்பிடுகிறோம், நீயும் நானும் சேர்த்துத்தான். ஈப்ரவில் மூச்சுத் திணறிச் செத்தவன் கணக்கில் அதிலிருந்து ஒரு பருக்கைகூட வரவு ஆகாது. சாமர்த்தியத்துக்கு மாலை போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைக் காட்டி அடுத்தவன் பட்ட கடனைத் தள்ளுபடி செய்ய நாம் யார்?

உன் அப்பா அந்த மில்லில் நெல் போட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கட்டிடத்தில் அவர் மூட்டையும் கொஞ்சம் இருக்கிறது. கல்வெட்டில்தான் பெயர் இல்லை.

தை பிறந்ததும் வருகிறேன். ஹெட்மாஸ்டரிடம் சொல்லி, பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் ஒரு பீரியடு வாங்கி வை. ஹேபர் பாடத்தை இந்த முறையாவது முழுசாக எடுக்க வேண்டும்.

உன்,
கோபாலன்